சிட்னி துறைமுகப் பாலம்: நடுவில் சேரும்வரை இரண்டு பாதிகளையும் பிடித்திருந்தது எது?

பாலப்பித்தன் (கேள்வி)

வணக்கம். 1930-இல் எடுத்த சிட்னி துறைமுகப் பாலத்துப் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. இரண்டு கரையிலிருந்தும் ஆளுக்குப் பாதியாக வளைவு நீண்டு வந்து, நடுவில் கொஞ்சம் இடைவெளியோடு அந்தரத்தில் நிற்கிறது. கீழே சாரம் கிடையாது. தண்ணீருக்குள் ஒரு தற்காலிகத் தூண்கூட இல்லை. கப்பல்கள் அதுபாட்டுக்குப் போய்வருகின்றன.

வளைவு என்றால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பது என்றுதானே படித்திருக்கிறோம்? தள்ள எதிராளி இல்லாதபோது பாதி வளைவு எப்படி நின்றது? ஓரத்தில் இருக்கும் கல் கோபுரங்கள்தான் பின்னால் பிடித்து இழுத்தன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஆனால் அதே படங்களில் கோபுரங்கள் சாலை மட்டத்துக்கு மேல் எழும்பவே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஓரிடத்தில் "இரு கீல் வளைவு" என்று போட்டிருக்கிறது. வேறோரிடத்தில் "கட்டும்போது மூன்று கீல்" என்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒரு கீலை எப்படி இல்லாமல் ஆக்குவது? வெயிலுக்கு நீளும் எஃகை நடுவில் துல்லியமாக எப்படிப் பொருத்தினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிக்கணக்கு

காணொளியை விடுங்கள், உங்கள் கண் சொன்னதுதான் சரி. கோபுரங்களுக்கும் பாதி வளைவைப் பிடித்ததற்கும் சம்பந்தமே இல்லை. பிடித்தது கேபிள்.

ஒவ்வொரு பாதிக்கும் 128 எஃகுக் கேபிள்கள். ஒரு கேபிளில் 217 கம்பிகள். கரையில், வளைவின் முனைக்குப் பின்னால், மணற்பாறைக்குள் குதிரை லாட வடிவில் 36 மீட்டர் ஆழத்துக்குச் சுரங்கம் குடைந்தார்கள். கேபிள் ஒரு கால் வழியாக இறங்கி, அடியில் வளைந்து, மறு கால் வழியாக ஏறி வரும். இரண்டு நுனிகளும் வளைவின் மேல் கார்ட் முனையில் மாட்டியிருக்கும். (கார்ட் என்றால் ட்ரஸ்ஸின், அதாவது முக்கோணம் முக்கோணமாக இணைத்த எஃகுச் சட்டகத்தின், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓடும் பெரிய உறுப்பு. இந்தத் திரியில் அந்தச் சொல் நிறைய வரும்.) ஆக கேபிளுக்கென்று தனி நங்கூரக் கட்டை எதுவும் வேண்டியதில்லை. லாடத்தின் உள்பக்கம் இருக்கும் பாறையே முளைக்குச்சி, கேபிள் அதைச் சுற்றிய கயிறு. கேபிள் அறுந்தால் ஒழிய, அல்லது அவ்வளவு பாறையும் பெயர்ந்தால் ஒழிய, வளைவு முன்னால் சாயாது.

இழுப்பு எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முனையில் ட்ரஸ்ஸின் உயரம் 57 மீட்டர். கீழ் முனையில் கீல், அதற்கு நேர் மேலே கேபிள் மாட்டும் இடம். பாதி வளைவின் எடையை W என்று வையுங்கள். அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பதாக எடுத்துக்கொண்டால், கேபிளின் கிடைமட்ட இழுப்பு = W × 100 ÷ 57, அதாவது எடையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. முனை உயரம் வெறும் 18 மீட்டராக இருந்திருந்தால் அதே இழுப்பு ஐந்தரை மடங்குக்கு ஏறியிருக்கும். இந்த வளைவின் வடிவம் ஏன் நடுவில் 18 மீட்டராக ஒடுங்கி ஓரத்தில் 57 மீட்டராக விரிகிறது என்பதற்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: கட்டும்போது மேல் கார்ட் முழுக்க இழுவிசையில் இருக்கிறது. பால்கனியின் மேல்பக்கக் கம்பி மாதிரி. வளைவு சேர்ந்து முடிந்த பிறகோ, கரையோரப் பகுதியில் மேல் கார்டுக்கு வேலை வெகு குறைவு. சுமையெல்லாம் கீழ் கார்ட் வழியாகக் கீலுக்குப் போய்விடுகிறது. முடிந்த பாலத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு வடிவமைத்திருந்தால் கட்டும்போதே விழுந்திருக்கும். ஒவ்வொரு உறுப்பையும் இரண்டு வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான் அளவெடுக்க வேண்டும்.

ஏற்றிய முறை: 1928 அக்டோபர் 26-இல் தென்கரையில் வளைவு வேலை தொடங்கியது. மேல் கார்டின் மேலேயே நகர்ந்து போகும் 580 டன் மின் கிரேன், பக்கத்துக்கு ஒன்று. 122 டன் வரை தூக்கும். மில்சன்ஸ் பாயின்ட் பட்டறையில் செய்த துண்டுகளைப் படகில் ஏற்றி நேர் கீழே கொண்டுவந்து நிறுத்துவார்கள். கிரேன் தூக்கித் தனக்கு முன்னால் ஒரு பேனலை (ட்ரஸ்ஸின் ஒரு கட்டம்) கட்டும், பிறகு அந்தப் பேனல் மேலேயே ஏறி அடுத்ததைக் கட்டும். மொத்தம் 28 பேனல், பாதிக்கு 14. தென்பக்கத்தை வேண்டுமென்றே வடபக்கத்துக்கு முன்னால் ஓடவிட்டார்கள். தப்பு வந்தால் அங்கே முதலில் தெரியும், வடக்கில் திருத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு.

கிரேன் எடையையும் W-வில் சேர்க்க மறக்காதீர்கள். நுனியில் நிற்கும் 580 டன், கீலிலிருந்து கிட்டத்தட்ட 250 மீட்டர் தள்ளி. அந்த ஒரு கிரேன் மட்டுமே 250 ÷ 57 × 580, அதாவது சுமார் 2,500 டன் இழுப்பைக் கேபிள்களுக்குக் கூட்டுகிறது. வளைவு நீள நீளக் கேபிள்களின் எண்ணிக்கையும் ஏற வேண்டியிருந்தது ஏன் என்று இப்போது புரியும்.

பாலப்பித்தன்

அருமை. அப்படியானால் அந்தக் கோபுரங்கள் என்னதான் செய்கின்றன? முடிந்த பிறகாவது சுமை தாங்குகின்றனவா?

சுமைதாங்கி

அலங்காரம்தான். 89 மீட்டர் உயரம், உள்ளே கான்கிரீட், வெளியே மொருயாவிலிருந்து வெட்டி வந்த கிரானைட் முகப்பு. நான்கையும் நாளைக்கே பிரித்து எடுத்தாலும் வளைவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு திருத்தம். கோபுரத்துக்கு அடியில், சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கும் அபட்மென்ட் (கரையில் வளைவின் முனையைத் தாங்கும் அடித்தளம்) வேறு சங்கதி. பேரிங் (வளைவு முனையின் கீல் இருக்கை) உட்கார்ந்திருக்கும் கான்கிரீட்டும் அதன் பின்னால் இருக்கும் மணற்பாறையும்தான் பாலத்தின் உயிர்நாடி. படத்தில் இரண்டும் ஒரே கல் கட்டடமாகத் தெரிவதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் ஓடுகிறது.

அங்கே எவ்வளவு விசை வருகிறது? பதிவுகளில் பேரிங் ஒன்றுக்குச் சுமார் 20,000 டன் என்று இருக்கும். கையாலேயே சரிபார்க்கலாம். கீலுக்குக் கீல் 503 மீட்டர், கீழ் கார்டின் எழுச்சி (கீலிலிருந்து உச்சி வரை உயரம்) சுமார் 107 மீட்டர். வளைவுப் பகுதியின் எஃகு மட்டும் 39,000 டன், மீட்டருக்கு 77 டன் வருகிறது. சாலைத் தளம், தண்டவாளம், வண்டிகள் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 100 டன் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம்.

கிடைமட்டத் தள்ளு = 100 × 503 × 503 ÷ (8 × 107) ≈ 29,500 டன்.
செங்குத்துச் சுமை = 100 × 503 ÷ 2 ≈ 25,000 டன்.
இரண்டும் சேர்ந்த விளைவு ≈ 38,800 டன். கரைக்கு இரண்டு பேரிங், ஆக ஒன்றுக்கு 19,400.

சீரான சுமை, பரவளைய வடிவம் என்று வைத்துப் போட்ட முரட்டுக் கணக்குத்தான். ஆனாலும் பதிவில் இருக்கும் எண்ணை ஒட்டியே வருகிறது பாருங்கள். விசையின் சாய்வு கிடைமட்டத்துக்குச் சுமார் 40 டிகிரி. அதனால்தான் பேரிங்குகள் தட்டையாகப் படுத்திருக்காமல் பின்பக்கம் சாய்ந்து, பாறையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 300 டன் எடை. நடுவில் 4.2 மீட்டர் நீளமும் 368 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள 'பின்', அதாவது எஃகு அச்சாணி. வளைவு முழுதும் வெயிலுக்கும் சுமைக்கும் அசைவது அந்தப் பின்னைச் சுற்றித்தான்.

வடிவத்துக்கான முன்மாதிரி நியூயார்க்கின் ஹெல் கேட் பாலம், 1916, 298 மீட்டர். நியூ சவுத் வேல்ஸ் அரசின் தலைமைப் பொறியாளர் பிராட்ஃபீல்ட் அதைப் பார்த்த பிறகுதான் கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்து நீட்டும் அமைப்பு) யோசனையிலிருந்து வளைவுக்கு மாறினார். அங்கேயும் ஓரத்தில் கல் கோபுரங்கள் உண்டு. நியூயார்க் பக்கத்துப் பேயோன் வளைவுப் பாலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்: சிட்னிக்குச் சில மாதம் முன்னால், 1931 நவம்பரில் திறந்தது, ஸ்பான் (முனைக்கு முனை தூரம்) ஏறக்குறைய அதே அளவு. முனையில் கல் முகப்பு வைக்கத் திட்டமிருந்தும் கடைசியில் வைக்கவில்லை, எஃகுச் சட்டகம் அப்படியே தெரிகிறது. தொண்ணூறு ஆண்டுக்கு மேலாக நன்றாகத்தான் நிற்கிறது. கோபுரம் சுமை தாங்குகிறது என்று வாதிடுகிறவர்களுக்கு அந்தப் பாலத்துப் படத்தைக் காட்டினால் போதும்.

அதற்காகக் கோபுரம் வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன். 503 மீட்டர் எஃகு ஒன்றுமில்லாத இடத்தில் சட்டென்று முடிவது கண்ணுக்கு உறுத்தும். வடிவமைப்பாளர்களும் அதைச் சுமை தாங்கி என்று சொல்லி விற்கவில்லை.

ஜாக்கி

கீல் கேள்விக்கு வருகிறேன். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1930 ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு பாதிகளும் முடிந்து நடுவில் சுமார் ஒரு மீட்டர் இடைவெளி. இது தற்செயல் இல்லை. கேபிளை வைத்து இரண்டு பாதியையும் வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். கேபிளைத் தளர்த்தினால் ஒவ்வொரு பாதியும் அடிப் பின்னைச் சுற்றிக் குனிந்து முன்னால் வரும். இடைவெளியை அடைக்கத் துண்டு வெட்டிச் செருகுவதைவிட இது எவ்வளவோ மேல்: அளவு தவறினால் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம், அல்லது நிறுத்தலாம்.

ஆகஸ்ட் 7-இல் தளர்த்தத் தொடங்கி, இரவு பகலாக 19-ஆம் தேதி வரை. 128 கேபிளையும் ஒரே நேரத்தில் விட முடியாது. ஒரு கேபிளை அதிகம் தளர்த்தினால் அதன் பங்குச் சுமை பக்கத்துக் கேபிள்களில் ஏறும். அதனால் சுற்றுச் சுற்றாக, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. கிழக்கு ட்ரஸ்ஸும் மேற்கு ட்ரஸ்ஸும் 30 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் நுனி பக்கவாட்டில் திருகிக்கொள்ளும்.

19-ஆம் தேதி மாலை 4.15-க்கு முதல்முறை தொட்டது. சாயங்காலக் குளிரில் மறுபடி விலகியது. இரவு 10 மணிக்குத் திரும்பச் சேர்ந்து, அதன்பின் பிரியவில்லை. மறுநாள் காலை கிரேன்களின் கையில் கொடி பறந்ததைப் பார்த்துத்தான் ஊர் தெரிந்துகொண்டது. சில இடங்களில் தேதியை 20 என்று போடுவது அதனால்தான்.

ஏன் விலகியது என்பதும் கணக்குத்தான். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் சுருங்கும். பாதி வளைவின் கிடைமட்ட நீளம் 251 மீட்டர். 10 டிகிரி குளிர்ந்தால் ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 6. தொட்டுக்கொண்டிருக்கிற முனைகள் பிரிய அது தாராளம்.

இப்போது மூன்று கீல். நடுவில் தொட்டது கீழ் கார்ட் மட்டும்தான், ஒரு பின் மேல். மேல் கார்டில் இன்னும் இடைவெளி. ஆக இந்தக் கட்டத்தில் இரண்டு கரையிலும் கீல், உச்சியில் ஒரு கீல். மூன்று கீல் வளைவில் ஒரு வசதி உண்டு: எந்த உறுப்பில் எவ்வளவு விசை என்பது சமநிலைச் சமன்பாட்டிலேயே முடிந்துவிடும். வெயில் அடித்தாலும், அடித்தளம் ஒரு மில்லிமீட்டர் அமிழ்ந்தாலும் சுயஎடை விசை மாறாது. கேபிள் முழுக்கக் கழன்று, வளைவு தன் எடையைத் தானே சுமக்கும்போது, கணக்கில் போட்ட விசைதான் எஃகில் இருக்கிறது என்று உறுதியாக நம்பலாம்.

ஆனால் நிரந்தரமாக அப்படி விட முடியாது. ரயில் போகும் பாலத்தில் உச்சியில் கீல் இருந்தால் அந்த இடம் ஒவ்வொரு வண்டிக்கும் மடங்கி நிமிரும். தேய்மானம் ஒரு பக்கம், தளத்தில் முறிவு ஒரு பக்கம். ஆகவே மேல் கார்ட் இடைவெளியில் ஹைட்ராலிக் ஜாக் (திரவ அழுத்தத்தால் தள்ளும் கருவி) வைத்து இரண்டு பக்கமும் தள்ளினார்கள். குறித்த விசை வந்ததும் எஃகுத் தகடுகளைச் செருகி அடைத்து, இணைப்பை மூடிவிட்டார்கள். உச்சி விறைத்துப்போனது. கீல் கழற்றப்படவில்லை, மேலே ஒரு பூட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இரண்டு கீல்.

"சும்மா ஒரு துண்டைச் செருகி ரிவெட் அடித்தால் போதாதா, ஜாக் எதற்கு?" என்று அடுத்து கேட்பீர்கள். ஜாக் இல்லாமல் மூடினால், அதுவரை ஏறிய சுயஎடை மொத்தமும் உச்சியில் கீழ் கார்டிலேயே தங்கிவிடும். மேல் கார்ட் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும், அடுத்து வரும் தளத்துக்கும் வண்டிக்கும் மட்டும் பங்கு எடுக்கும். கீழே உள்ளது அளவுக்கு மீறி அழுந்தும். ஜாக் விசை அந்தப் பங்கீட்டைச் சரிசெய்கிறது. தொடக்கத்திலிருந்தே இரு கீல் வளைவாகப் பிறந்திருந்தால் என்ன விசை இருக்குமோ, அதை வெளியிலிருந்து ஊட்டுகிறோம்.

நட்டுபோல்ட்டு

ஜாக்கி அண்ணா, ஒரு சந்தேகம். இரு கீலாக ஆன பிறகு வெயிலுக்கு நீள இடம் எங்கே இருக்கிறது? இரண்டு முனையும் பாறையில் முட்டிக்கொண்டல்லவா நிற்கிறது?

ஜாக்கி

மேலே போகும். வளைவுக்கு அதுதான் வசதி.

கீழ் கார்டின் வில் நீளம் சுமார் 564 மீட்டர். ஒரு டிகிரிக்கு 6.8 மில்லிமீட்டர் நீளும். முனைகள் நகராததால் வில் கொஞ்சம் அதிகமாகப் புடைக்க வேண்டும். பரவளையத்தில் எழுச்சி மாற்றம் = நீளமாற்றம் ÷ (16/3 × எழுச்சி ÷ ஸ்பான்). போட்டுப் பார்த்தால் டிகிரிக்கு 6 மில்லிமீட்டர். 30 டிகிரி வித்தியாசத்துக்கு 18 சென்டிமீட்டர். வெயில் நாளில் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் எண் இதுதான். பின் மட்டும் இறுகிச் சுழலாமல் போனால் இந்த அசைவு முழுக்க முனை உறுப்புகளில் வளைவு விசையாக ஏறும். பேரிங்கில் பராமரிப்பு என்று ஒன்று இருப்பதே அதற்காக.

ரிவெட் ராசா

எல்லாரும் பெரிய எண்களையே பேசுகிறீர்கள். இந்தப் பாலத்தைப் பிடித்திருப்பது 60 லட்சம் ரிவெட். அதைப் பற்றியும் கொஞ்சம்.

மெல்பர்னில் மெக்ஃபெர்சன்ஸ் நிறுவனம் செய்தது. இருப்பதிலேயே பெரியது 395 மில்லிமீட்டர் நீளம், மூன்றரைக் கிலோ. ஒரு குழுவில் நாலு வேலை. ஒருவர் உலையில் ரிவெட்டைச் சுடுவார். சிவக்கச் சிவக்க எடுத்து வீசுவார். ஒருவர் வாளியில் பிடிப்பார். ஒருவர் அதைத் துளையில் நுழைத்துத் தலைப்பக்கம் முட்டுக் கொடுப்பார். எதிர்ப்பக்கம் இருப்பவர் காற்றுச் சுத்தியலால் அடித்து மறுதலை உருட்டுவார். அடித்து முடிந்ததும் ஆறும்போது ரிவெட் நீளவாக்கில் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் தகடுகளை இறுக்குகிறது. தகட்டுக்கு நடுவே உராய்வு வருவது அதனால்.

எங்கே கெடும்? மூன்று இடத்தில். சூடு குறைவானால் தண்டு துளையை நிரப்பாது, வெளியே தலை மட்டும் அழகாக இருக்கும். சூடு மிஞ்சினால் எஃகு கருகிப் பொரிபொரியாகிவிடும், அதைப் போட்டுப் பிரயோஜனமில்லை, எறிய வேண்டியதுதான். மூன்றாவது, தகடுகளை முதலிலேயே போல்ட்டால் நெருக்கிப் பிடிக்காமல் அடித்தால், ரிவெட் இரண்டு தகட்டுக்கும் நடுவில் உள்ள சந்திலேயே புடைத்துக்கொள்ளும். அதன்பின் அந்தச் சந்து மூடவே மூடாது. நீள ரிவெட்டில் இந்தத் தொல்லை அதிகம்: அடி தலைப்பக்கமே தின்றுவிடும், நடுத் தண்டு வரை போய்ச் சேராது. சரிபார்க்கும் வழி இன்றைக்கும் அதேதான். ஒரு பக்கத் தலையில் விரலை வைத்து, பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்லது கணீரென்று கேட்கும். தளர்ந்தது மொத்தையாகக் கேட்கும், விரலில் அதிர்வும் தெரியும். தளர்ந்ததைத் திரும்ப அடித்து இறுக்க முயலக் கூடாது. தலையை வெட்டி, தண்டைத் தள்ளி வெளியேற்றி, புதியது போட வேண்டும். பழைய ரிவெட் பாலங்களில் தலையைச் சுற்றித் துருக்கோடு வடிந்திருந்தால் உள்ளே அசைவு இருக்கிறது என்று அர்த்தம்.

வெல்டிங் ஏன் இல்லை என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் 1924-இல். வளைவின் முக்கிய உறுப்புகள் சிலிக்கான் எஃகு, தகடுகள் தடிமன். அந்தத் தடிமனில் அந்த எஃகை வெல்டு செய்து ரயிலை ஓட்டும் நம்பிக்கை அப்போது யாருக்கும் இல்லை. அந்தப் பயம் வீண் இல்லை என்பதற்கு பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பாலம் சாட்சி: முழுக்க வெல்டு செய்தது, 1938 மார்ச்சில் குளிரில் நொறுங்கி விழுந்தது. ரிவெட்டில் ஒரு தகட்டில் விரிசல் விழுந்தால் அந்தத் தகட்டோடு நின்றுவிடும். வெல்டில் விரிசலுக்கு அப்படி வேலி கிடையாது.

எஃகில் 79 சதவீதம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது, மிச்சம் ஆஸ்திரேலியாவிலேயே உருக்கியது. ஒப்பந்தக்காரர் மிடில்ஸ்பரோவின் டார்மன் லாங். அவர்கள் பட்டறை இருந்த இடத்தில் இன்றைக்கு லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா.

பாலப்பித்தன்

ரிவெட் ராசா, "விரலை வைத்துத் தட்ட வேண்டும்" என்ற ஒரு வரிக்கே கோடி நன்றி. காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்தையும் இதே மாதிரிதான் சேர்த்தார்களா?

பனிமலை ரயில்

அடிப்படை ஒன்று, கருவிகள் வேறு. செனாப் வளைவு 467 மீட்டர், சிட்னியைவிடக் குறைவு. ஆனால் தளம் ஆற்றிலிருந்து 359 மீட்டர் மேலே. அங்கேயும் இரண்டு பக்கத்திலிருந்தும் கான்டிலீவராக நீட்டி, பின்னால் கேபிள் கட்டிப் பிடித்து, 2021 ஏப்ரலில் நடுவில் மூடினார்கள். போக்குவரத்து 2025 ஜூனில்.

பெரிய வித்தியாசம், துண்டுகள் வந்து சேரும் வழி. சிட்னியில் படகு நேர் கீழே வந்து நின்றது, கிரேன் தூக்கியது. செனாபில் கீழே படகு விட வழியில்லாத மலைப் பள்ளத்தாக்கு. அதனால் இரண்டு கரையிலும் கோபுரம் நிறுத்தி, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கம்பி கட்டி, அதில் ஓடும் கேபிள் கிரேனில் துண்டுகளை நடுவானத்தில் கொண்டுபோனார்கள். சாலையில் பெரிய துண்டு வராது என்பதால் பட்டறையையே மலைமேல் போட வேண்டியிருந்தது.

தளத்தின் கதையும் தலைகீழ். சிட்னியில் தளம் வளைவுக்குக் கீழே தொங்குகிறது. செனாபில் வளைவின் மேல் தூண் நிறுத்தி, அதற்கு மேலே தளம், கரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஏற்றியது. தள்ளும்போது வளைவில் ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறாமல் பார்த்துக்கொள்வது அங்கே தலைவலி. வளைவுக்குப் பிடிக்காத சுமை என்று ஒன்று உண்டென்றால், அது பாதியில் மட்டும் ஏறுகிற சுமைதான்.

சுமைதாங்கி

பாதிச் சுமை பேச்சு வந்ததால் சிட்னித் தளத்தையும் சொல்லிவிடுகிறேன். வளைவு மூடியதும் அந்தக் கிரேன்கள் வந்த வழியே பின்னால் திரும்பின. திரும்பும் வழியில் ஹேங்கர்களையும் (தளத்தை வளைவிலிருந்து தொங்கவிடும் செங்குத்து உறுப்புகள்) தளத்தையும் மாட்டிக்கொண்டே போயின. அதனால் தளம் நடுவிலிருந்து இரு கரைக்கும் ஒரே நேரத்தில் வளர்ந்தது, சுமையும் இரு பக்கமும் சமமாக ஏறியது. கிரேனைக் கழற்றாமல் இரண்டு வேலை வாங்கியது மட்டும் இல்லை, வளைவுக்கும் அதுதான் ஒத்துக்கொள்ளும் வரிசை. ஹேங்கர் நடுவில் 7.3 மீட்டர், கரைப்பக்கம் போகப் போக 58.8 மீட்டர் வரை.

பிறகு 1932 பிப்ரவரியில் சுமைச் சோதனை. 96 நீராவி ரயில் எஞ்சின்களைத் தண்டவாளத்தில் முட்ட முட்ட நிறுத்தினார்கள். முழு நீளத்திலும், ஒரு பாதியில் மட்டும், என்று இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் தொய்வை அளந்தார்கள். திறப்பு மார்ச் 19. யார் வடிவமைத்தது, பிராட்ஃபீல்டா, டார்மன் லாங்கின் ஆலோசகர் ரால்ஃப் ஃப்ரீமனா என்ற சண்டை அப்போதே பத்திரிகையில் நடந்தது. அதை இந்தத் திரியில் தொடங்க வேண்டாம், 200 பதில் போகும்.

நட்டுபோல்ட்டு

பாலப்பித்தன், வீட்டில் மாதிரி செய்து பார்க்க நினைத்தால் அட்டையில் இரண்டு பாதி வெட்டி, கீழ் முனையில் குண்டூசி குத்தி, மேல் முனையில் நூல் கட்டிப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். நடுவில் சேரும் முனையில் மேல் விளிம்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்துவிட வேண்டும். அப்போதுதான் நூலைத் தளர்த்தும்போது கீழ் முனை முதலில் தொடும். வெட்டாவிட்டால் மேல் விளிம்பு முந்தித் தொட்டுக்கொண்டு கீழே இடைவெளி நிற்கும், வளைவு மேல் கார்ட் வழியாகத் தள்ள ஆரம்பித்து, உச்சியில் கணக்கே மாறிவிடும். கீழே தொட்ட பிறகு மேலே இருக்கும் சந்தில் ஒரு தீக்குச்சியை ஆப்பு மாதிரி இறுக்கிப் பாருங்கள். ஜாக்கி அண்ணா சொன்ன பூட்டு அதுதான். ஆப்பு இல்லாமல் உச்சியை விரலால் அழுத்துங்கள், ஆப்போடு அழுத்துங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.